எவ்ளோ ஏத்துறீங்க

காலடிப்பேட்டையில் எங்கள் வாசல் சரிவை
மார்கழி பிறந்த மூன்றாம் நாள் உடைத்தோம்.
உடைக்கவே வேண்டியிருக்கவில்லை.
துலுக்காணம் மேஸ்திரி கடப்பாறையைச் சாய்த்து வைத்ததற்கே
பொரித்த அப்பளம் போல் விட்டுக்கொடுத்தது.

இருபத்தொரு வருட கான்கிரீட்.
முதலில் ஒரு டிவிஎஸ் பிப்டி,
அப்புறம் அவருடைய லோடு ஆட்டோ,
போகும்போது நிறைந்த கேன் நாற்பது,
வரும்போது காலி கேன் நாற்பது.
கடல் இரண்டு தெரு தள்ளித்தான்.
காற்று தினமும் வந்து
கம்பிக்கு உப்பு ஊட்டிவிட்டுப் போயிருக்கிறது.
கம்பி இருந்த இடத்தில் செம்பழுப்பாய் ஒரு தூள்.
விபூதி எடுக்கிற மூன்று விரலால்
எடுத்துப் பார்த்தேன்.

ஓரத்தில் ரபீஸ் அள்ளிக்கொண்டிருந்த நவநீதம்
"யக்கா, இங்க ஒரு படி கீது" என்றாள்.
சுரண்டினால்
அதற்குக் கீழே இன்னொன்று.
சிவப்பு ஆக்சைடு பூசிய
எங்கள் படிகள்.

மறந்தே போயிருந்தது,
இது நாங்கள் ஏறிப் போன வீடு.
தேர்தலுக்கு ஒரு தார்,
குழாய் பதித்த குழிக்கு ஒரு தார்,
பழையதைச் சுரண்டாமல்
அதன் தலை மேலேயே அடுத்தது.
மேலே ஏற்றக் கட்டிய சரிவு
ஏதோ ஒரு வருடம் சமமாகி,
பிறகு உள்பக்கமாய்ச் சாய்ந்திருக்கிறது.
சமமாய் இருந்த அந்த வருடத்தில்
நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?

ட்யூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தார் மேஸ்திரி.
"ரோட்டுக்கு மேல நாலு இஞ்ச்சு ஏத்திடலாம்.
உள்தரைய பொங்கலுக்கு அப்பால பாத்துக்கலாம்."

பக்கத்து வீட்டு செலின் விளக்குமாறோடு வந்து நின்றாள்.
"எவ்ளோ ஏத்துறீங்க?"
சொன்னேன்.
அவள் கதவில் போன மழையின் கோடு
முட்டிக்கு மேலே இன்னும் இருந்தது,
கருப்பாய், எண்ணெய்ப் பிசுக்கோடு.
அதை ஒருதரம் பார்த்தாள்.
உள்ளே போய்விட்டாள்.

சண்டை போட்டிருக்கலாம்.
என்னிடம் பதில் தயாராக இருந்தது:
எதிர்வீடு ரெண்டடி ஏத்தலையா,
முக்குக் கடை ஏத்தலையா.
நாலு இஞ்ச் என்பது
ஒரு கை அகலம்.

"அவங்க பக்கமா ஒரு வாய்க்கா விட முடியுமா?"
"வுடலாம்மா. தண்ணி எங்க போவும்?
ரோடு மேல கீதே."

ஜல்லி, எம் சாண்ட், பதினோரு மூட்டை.
புது ஜிஐ கம்பி, உப்புக்குப் பயந்து.
இருட்டுவதற்குள் மட்டப்பலகை ஓடி முடிந்தது.
விடிவதற்குள் ஒரு நாய் குறுக்கே போயிருந்தது.
"பனியில மெதுவாத்தான் இறுகும்.
பத்து நாள் தண்ணி காட்டுங்க.
காய வுட்டா வெடிச்சிடும்."
எங்கள் ஊர்க் குளிர் அவ்வளவுதான்,
பால்காரர் காதில் ஒரு மப்ளர்,
சிமென்ட்டுக்குக் கொஞ்சம் சோம்பல்.

எனக்கு மணலி குடோனில் காலை ஷிப்ட்.
அவர் ஐந்துக்கே வண்டியோடு போய்விடுவார்.
காலையில் அவசரமாய் நான் ஊற்றுவது
மதியத்துக்குள் காய்ந்துவிடும்.
ஆனால் இரண்டாம் நாள் மாலை வந்தால்
சாக்கெல்லாம் ஈரம்.
மூன்றாம் நாளும்.
பாத்தி நிறைந்து, அதில் ஒரு முருங்கையிலை மிதந்தது.
நீங்களா என்று கேட்டேன்.
இல்லை என்றார்.

நான்காம் நாள் தலைவலி என்று பாதியில் வந்தேன்.
செலின்.
நீலப் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து
பாத்தி பாத்தியாய் நிரப்பிக்கொண்டிருந்தாள்.
நிரப்பிவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள்.
வழிந்த தண்ணீர்
எங்கள் ஓரத்தைத் தாண்டி,
சுவரடியில் யோசித்து,
அவள் நிலைப்படிக்கு வந்தது.
எங்கே நிற்கிறதோ அங்கே
விரலை வைத்தாள்.
விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"காய விட்டா வெடிச்சிடும்ல" என்றாள்.
ஆமாம் என்றேன்.
காலிக் குடத்தோடு அடிபம்புக்குப் போனாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
பலகை மேல் நடந்தேன்.
பிறகு வீட்டுக்குள்
இறங்கினேன்.