கழித்தல் ஏழு

காரைக்குடி, கழனிவாசல், முதல் மாடி.
கீழே செல்போன் கடையைச் சாத்திவிட்டார்கள்.
கடைசி பஸ்ஸின் அதிர்வு அடங்கட்டும் என்று காத்திருந்து
ஆத்தங்குடிக் கல் தரையில்
தையல்காரர் டேப்பை நீட்டிப் போட்டு
அறுபதாம் எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு தீப்பெட்டியை நிறுத்துகிறேன்.

ஸ்டாண்டில் கேமரா.
துளை முழுக்கத் திறந்து ஒன்று புள்ளி எட்டு.
ஒவ்வொரு தடவையும் வளையத்தைக் கையால் கலைத்துவிட்டுப்
பட்டனைப் பாதி அழுத்தினால்
'பீப்' என்கிறது,
பொய் சொல்லிப் பழகியவனின் நிதானத்தோடு.

பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
தீப்பெட்டியின் எழுத்து பஞ்சாகக் கிடக்கிறது.
டேப்பில் அறுபத்தேழு மட்டும்
ஊசியால் கீறியதுபோல.

நாலு விரற்கடை.
நாலு விரற்கடை பின்னால் பார்க்கும் லென்ஸ்
ஆறு மாதமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறது.

சிகப்பி போன் செய்தது போன வெள்ளிக்கிழமை.
கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.
"திருப்பூட்டுப் படத்துல
கழுத்துருவும் மங்கல், நானும் மங்கல்.
எங்க அயித்தை விரல்ல ஒட்டியிருந்த
பேண்ட்-எய்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

அல்போன்ஸ் பரோட்டாவைப் பிய்த்தபடி தீர்ப்புச் சொன்னான்:
"கேமராவும் நல்ல பய, லென்ஸும் நல்ல பய.
ஜாதகந்தாண்ணே பொருந்தல."

மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒரு கோடு,
நடுவில் பூஜ்யம்.
கழித்தல் மூன்று: அறுபத்து நாலு.
கழித்தல் பத்து: தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது.
ஒரு எண்ணுக்குப் பத்துப் படம்,
அதிலும் இரண்டு தன்னிஷ்டத்துக்கு.
மணி ஒன்றரைக்குக் கழித்தல் ஏழில்
தீக்குச்சி உரசிய கீறல்கூட
தீப்பெட்டியின் ஓரத்தில் தெரிந்தது.

சந்தோஷத்தில் அதைக் கொண்டுபோய்
மாடிப்படி வரைக்கும் தள்ளி வைத்தேன்.
அங்கே கழித்தல் ஏழு கூடுதல்.
பக்கத்துக்குச் சரிபண்ணினால் தூரத்துக்குத் தப்புகிறது.
அப்படியென்றால் நான் நிற்கும் தூரம் எது?
மணவறைக்கும் எனக்கும் ஏழடி, எட்டடி.
சரி, அதற்கு மட்டும் உண்மையாக இரு
என்று சொல்லி அணைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்தார்.
தேவகோட்டையில் பேங்க் வேலையாம், பெயர் உமையாளாம்.
விரலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
வெட்டுக்காயம் ஆறி, கோடாக வெளுத்திருந்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"அந்தப் படத்துல ஒரு பிரிண்ட் வேணும்" என்றார்.

திரையில் திறந்தேன்.
மணப்பெண் தோளில் மாலை நழுவாமல்
பின்னாலிருந்து பிடித்திருக்கும் கை.
கைக்கு மேலே குனிந்த முகம்.
கீழுதட்டைக் கடித்திருக்கிறார்,
ரூபாய்க் கட்டை எண்ணும்போது கடிப்பார்போல.
மேலுதட்டு வியர்வை ஒவ்வொரு துளியாக.
முன்னால் சிகப்பி, சந்தனப் புகை மாதிரி.

வெகுநேரம் பார்த்தார்.
"குடும்பத்துல எல்லாக் கல்யாணத்துலயும் மாலை பிடிக்கிறது நாந்தான்.
கை வந்திருக்கும். முகம் வந்ததில்ல."
பிறகு, "லென்ஸைச் சரிபண்ணியாச்சா?"
"ராத்திரிதான்."
"ம்" என்றார்.
எட்டுக்குப் பன்னிரண்டு, இருநூறு ரூபாய்.
ஐந்நூறு கொடுத்து, மீதியை இரண்டு தடவை எண்ணிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் கல்யாணம்.
இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.
கண்ணின் கருமணியில்
குடை விளக்கு, நான், என் முழங்கை.
லென்ஸ் மூடியில் ஒட்டிய டேப்பில்
பேனாவால் எழுதிய கழித்தல் ஏழு.

இடையில் ஒரே ஒரு படத்துக்கு மட்டும்
புள்ளியைக் கட்டைவிரலால் நகர்த்தி
பெண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆல்பம் அடுக்கும்போது அல்போன்ஸ் கேட்டான்,
"இது யாருண்ணே? பொண்ணு மங்கலா இருக்கே, அழிச்சிரவா?"

யாரென்று எனக்கும் தெரியவில்லை.
தனி ஃபோல்டரில் போடச் சொன்னேன்.