ஒரு காலுக்கு ஒன்று

சுரங்கம் மூடி எத்தனையோ வருடம்.
கரித்தூள் மட்டும் இன்னும் போகாத கொட்டகையில்
மூன்று ஜோடிப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார் தொக்தோசுன்.
இத்தாலியில் யார் யாரோ வாடகைக்கு ஓட்டி அலுத்தவை.
ஒன்றின் இடுப்பு தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்,
ஒன்றுக்கு நூற்றெட்டு,
கடைசி ஜோடி நூற்றுப்பதினெட்டு.
அதைக் கதவாக மாட்டலாம் என்றாள் பெர்மெத்.

என்னிடம் ஒரு ஜோடிக்குத்தான் பணம்,
அதுவும் குதிரைத் தீவனத்துக்கென்று எடுத்து வைத்தது.

பனிக்கு எது நல்லது என்று கேட்டேன்.
எந்தப் பனிக்கு என்றார்.
நியாயம்தான்.

இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தால்
முதலாவதைப் பற்றி இரண்டாவது பொய் சொல்லும்;
அதற்குள் வெயில் ஏறியிருக்கும், சரிவே மாறியிருக்கும்.
ஆகவே இடக்காலில் தொண்ணூற்றாறு,
வலக்காலில் அந்தக் கதவு.
பூட்ஸ் பிடிப்பான்களைத் திருகிக் கொடுத்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார் தொக்தோசுன்.
விழுந்தால் நான் பார்க்கவில்லை என்பதுபோல.

ஏறும்போதே வழக்கு ஆரம்பம்.
வலப்பலகை அரைக்கிலோ கூடுதல்.
முதல் வளைவு வரை தெரியவில்லை,
பிறகு தொடை
வட்டிக்காரன் மாதிரி
ஒவ்வோர் அடிக்கும் வந்து நின்றது.

வடக்குச் சரிவில், தேவதாருகளுக்குக் கீழே,
இரவு பெய்தது இன்னும் யார் காலும் படாமல்.
இறங்கினேன்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்கு இரண்டும் ஒரே ஆறு,
ஆழம்தான் வேறு.
இடக்கால் முழங்கால்வரை போய்த் தேடிக்கொண்டிருக்க
வலக்கால் மேலே,
மாவின் மேல் விரல் இழுத்ததுபோல், சத்தமே இல்லாமல்.
அந்த ஒரு காலுக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
சத்தியமாக.

முகட்டில் காற்று தின்ற மிச்சம்:
பாலேடு காய்ந்து ஓடான மாதிரி.
அங்கே அகலமானது தட்டுத் தடுமாறிப் பல் கிட்டியது;
ஒல்லியானது
துணிக்கடைக் கத்தரிபோல் நேராகப் போனது.
தெற்கே திரும்பியதும் அப்பளப் பனி.
நொறுங்கி, இரண்டையும் விழுங்கி,
என்னையும் மூக்குவரை விழுங்கியது.
அந்தச் சரிவில் தீர்ப்பு இல்லை.

கடைசியாக, வைக்கோல் வண்டிகள் தேய்த்துக் கண்ணாடியாக்கிய பாதை.
வலப்பலகையை விளிம்புக்குச் சாய்ப்பதற்குள்
வேலியே வந்துவிட்டது.

கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
போன குளிர்காலத்தில் முழங்கால் ஆழம் பதினோரு நாள்.
அந்தப் பதினொன்றிலும் நான் கடைசி ஆள்.
முன்னால் பெர்மெத் கோடு கிழிப்பாள்,
பின்னால் எட்டுப் பேர் அதை உழுவார்கள்,
யாராவது விட்ட கையுறையைப் பொறுக்கிக்கொண்டு
அந்த உழவில் நான் வருவேன்.
உழுத பனிக்கு ஒல்லிதான் சரி,
இல்லாவிட்டால் அந்த நடுத்தரம்.
மலை சொன்னதும் அதுதான், முழங்காலும் அதையே.
தொக்தோசுன்கூட நூற்றெட்டை
மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் கதவுக்குப் பணத்தை எண்ணினேன்.

பெர்மெத் பார்த்தாள்.
உனக்கெதற்கு இது என்றாள்.

செவ்வாய்க்கிழமைகளில் நான் முன்னால் போகிறேன்,
நீ பின்னால் வா என்றேன்.

அடுப்பில் கரி ஒருமுறை வெடித்தது.
ஆறு வருடத்தில் முதல்முறை கேட்கிறேன்;
எப்படிக் கேட்பதென்று தெரியாமல்
பலகையாக வாங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் இடக்காலிலிருந்து கழற்றிய தொண்ணூற்றாறைத் தூக்கி,
வெளிச்சத்துக்குப் பிடித்து,
எஃகு விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள்.
வெள்ளையாய் ஒரு சீவல் எழுந்தது.

கூர் இருக்கிறது என்றாள்.