மேற்கோளுக்கு விட்ட இடம்

நிதித் துறையை அந்த வருடம் யாரும் கேட்கவில்லை.
பொதுப்பணி கேட்டார்கள், கலால் கேட்டார்கள்,
சுற்றுலாவுக்காக ஒருவர்
மூன்று நாள் செல்போனை அணைத்துவைத்திருந்தார்.
மிஞ்சியது அஞ்சலாட்சிக்கு வந்தது.
நிதிக்கு முதல் பெண் என்று
நேரு வீதி நெடுக பேனர்.
கஜானாவில் பதினோரு நாள் சம்பளத்துக்குத்தான் இருந்தது.
அதை எந்த பேனரிலும் போடவில்லை.

நான் பட்ஜெட் பிரிவில் தட்டச்சு.
கடலைப் பார்த்த செயலகம். உப்புக் காற்றில்
விசைப்பலகையில் 'ர' ஒட்டிக்கொள்ளும்.
வரவு என்று அடித்தால் 'வவு' என்று விழும்.
செலவு மட்டும் ஒரு நாளும் பிசகாது.

வந்த அன்று
நாற்காலியில் உட்காரும் முன்னே கேட்டார்:
"மில் பாக்கி எந்தத் தலைப்பில் இருக்கு?"
எதிலும் இல்லை.
தெரிந்துதான் கேட்டார்.

முத்தியால்பேட்டை. பஞ்சாலை டைம் ஆபீசில்
பத்தொன்பது வயதில் டோக்கன் எண்ணியவர்.
ஆலை மூடிய பிறகும் இரண்டு வருடம்
கேட்டுக்கு வெளியே நின்று
வருகைப் பதிவு எழுதினாராம்.
"மூடினது கேட்டு. ஆள் வந்தாங்களே."
லேபர் கோர்ட்டில் ஜெயித்தது அந்தப் பேரேடு.
முதல் தேர்தலில் அறுபத்தொரு ஓட்டில் தோற்றபோது
மறு எண்ணிக்கை கேட்கச் சொன்னார்கள்.
"நானும் எண்ணிட்டுதான் இருந்தேன்,
சரியாத்தான் இருக்கு" என்று
பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவர்.

மார்ச் கடைசி. டெல்லி ஒப்புதல் வந்த இரவு
பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்த பென்சில்
சாராய வருமானத்தில் நின்றது.
"எங்க வீட்டுப் பணமும் இதுல இருக்கு" என்றார்.
"அப்பா கட்டினது.
ஒரு நாளும் பாக்கி வச்சதில்ல."
கோடு கிழித்துவிடுவார் என்று பார்த்தேன்.
கிழிக்கவில்லை.
பள்ளிக்கூடத்து முட்டை
அந்தத் தொகையிலிருந்துதான் வருகிறது.
கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.
திரும்பி வந்து அடுத்த வரியில்
தன் கையாலேயே எழுதினார்: மில் பாக்கி.

உரையின் தொடக்கத்தில்
வழக்கம்போல மேற்கோளுக்கு
நாலு வரி இடம் விட்டிருந்தேன்.
"காலையில சொல்றேன்" என்றார். சொல்லவில்லை.

சபையில் அந்த இடம் வந்ததும்
முந்தானையிலிருந்து ஒரு தாளைப் பிரித்தார்.
டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு, தனகோட்டி.
டோக்கன் நானூற்று முப்பது, அந்தோணிசாமி, காலமானார்.
டோக்கன் ஐந்நூற்று ஒன்று, கலியமூர்த்தி, ஒரு கை.
ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ரூபாய், பைசா.
ஒழுங்குப் பிரச்சினை என்று ஒருவர் எழுந்தார்,
என்ன பிரச்சினை என்று சொல்ல வராமல்
உட்கார்ந்துவிட்டார்.
மேசை தட்டிப் பழகிய கைகளுக்கு
எந்த இடத்தில் தட்டுவதென்று தெரியவில்லை.

பதினாலு மாதத்தில் ஆட்சி போனது.
பாக்கியில் பாதி கொடுத்திருந்தார்.
பாதி கொடுத்தீர்களே என்றால்
மீதி எவ்வளவு என்று தொகை சொல்வார்.

'ர' இன்னும் ஒட்டிக்கொள்கிறது.
புது விசைப்பலகைக்கு நான் வைத்த கோப்பைத்
திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.
ஓரத்தில் பென்சிலில்,
'மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்க்கவும்.'

துடைத்தேன்.
இரண்டு நாள் வந்தது.