காரணம் என்ற கட்டம்

காளவாசல் பாலத்துக்குப் பக்கத்தில்
மூன்றாம் மாடியில் ராத்திரி வேலை.
அயர்லாந்தின் பழைய நாடாளுமன்றம் ஒன்று
இந்த வாரம் என் பங்குக்கு வந்திருக்கிறது.
நூற்று அறுபத்தாறு பேர்.
பெயர், கட்சி, தொகுதி, மாற்றம், காரணம்.
பிழை ஒன்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்தம்.

சில பெயர்களில் எழுத்தின் தலைமேல்
சாய்ந்த கீற்று ஒன்று உண்டு.
அது விட்டுப்போனால் ஆளே வேறு என்று
மேற்பார்வை அருளப்பன் சொல்லியிருக்கிறார்.
அந்த ஊர்ப் பிரதமருக்குப் பட்டம் டீஷக்.
அருளப்பன் எழுத்துக்கூட்டித்
தாவோயிசீச் என்பார்.
நாங்களும் அப்படியே.
திருத்துவதற்கு இங்கே ஐரிஷ்காரன் யார் இருக்கிறான்?

பாதியில் டீஷக் மாறியிருக்கிறார்.
ஒரு நட்சத்திரக் குறி, கீழே ஒரு குறிப்பு,
ஆட்சி மாற்றம் அவ்வளவுதான்.
ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல்
ஒன்பதாம் பக்க ஓரத்தில் விழுந்திருக்கிறது,
நூற்று அறுபத்தேழாவது உறுப்பினர் மாதிரி.

அங்கே ஓட்டுச் சீட்டில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
விருப்பத்தை வரிசையாய் எழுதுவார்களாம்.
முதலில் எழுதிய ஆள் தோற்றால்
ஓட்டு வீணாகாமல் அடுத்தவரிடம் நடக்கும்.
அவைத்தலைவர் பெயருக்கு நேரே மட்டும்
போட்டியின்றி.
முந்தின அவையில் அந்த நாற்காலியில் இருந்தவர்
ஓட்டுக் கேட்காமலே திரும்பி வரலாம்.
அது அவர்கள் சட்டம்.

அந்த வார்த்தையில் என் விரல் நின்றுவிட்டது.

உசிலம்பட்டிக்கு மேற்கே கொடுக்காபட்டி,
ஆறாம் வார்டு,
எங்கம்மா பெருமாயியும் போட்டியின்றி.
தலைவர் பதவியை மந்தையில் ஏலம் விட்டார்கள்.
மூன்று லட்சம், மூன்றேகால்,
மூன்றரையில் சுருளிவேல் எடுத்தார்.
பெண்களுக்கு ஒதுக்கிய இடம்,
அதனால் மனுவில் அவர் மனைவி தங்கப்பேச்சி.
பணத்தில் கோயிலுக்குத் தகரக் கொட்டகை வந்தது.
மெம்பர் பதவியை ஏலம் கேட்க ஆளில்லை.
கண்மாயில் நூறுநாள் வேலையில் இருந்தவளைக்
கரையேறி வரச்சொல்லி
மண் காயாத கையில் கைநாட்டு வாங்கிப் போனார்கள்.

தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
தீர்மானம் நாற்பத்தேழு:
ஆறாம் வார்டுக்குக் குடிநீர்க் குழாய், ஏகமனதாக.
நட்டது சுருளிவேல் தென்னந்தோப்பு வாசலில்.
செலவுக் கணக்கு வந்த கூட்டத்தில்
மை டப்பாவை அம்மா பக்கம் நகர்த்தினார்கள்.
அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி
மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டாளாம்.
வாதம் ஒன்றும் இல்லை.
டீ ஆறும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

அப்புறம் மூன்று கூட்டம்
சுருளிவேலின் மோட்டார் ரூமில் நடந்திருக்கிறது.
யாரும் சொல்லி அனுப்பவில்லை.
தொடர்ந்து வராததால் உறுப்பினர் பதவி இழந்தார்
என்று நீல மையில், நல்ல கையெழுத்தில்.
இடைத்தேர்தல் வைக்கவில்லை.
கடைசிவரை ஆறாம் வார்டு காலி.

அயர்லாந்தின் காரணக் கட்டத்தில்
மரணம், ராஜினாமா, மரணம்.
ஒரே ஒரு ஆளுக்கு எதுவும் எழுதவில்லை.
காலியாய் இருந்தால் காலியாய் விடு என்பது விதி.
விட்டேன்.
ஓரத்தில் விரல் தெரிந்தால் வெட்டு என்பதும் விதி.
வெட்டினேன்.

நாலு மணிக்கு அம்மா போன் செய்தாள்,
பால் கறக்க எழுந்தவள்.
இன்னைக்கு என்ன எழுத்து என்றாள். சொன்னேன்.
அங்கயும் பொம்பளைக மெம்பரா இருக்காகளா?
இருக்காங்கம்மா, கொஞ்சம் பேர்.
தண்ணி நல்லா வருமா அந்த ஊர்ல?
மழை ஊராம்.
கொஞ்ச நேரம் மாட்டுச் சத்தம் மட்டும்.
அப்புறம் கேட்டாள்:
கணக்குல அவகளே கையெழுத்துப் போட்டாகளா?

தெரியலம்மா.
இதுல பேரு மட்டும்தான் இருக்கு.