முயல்

டுலூத்தில் நான் படித்தது கனிமப் பொறியியல்.
ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மட்டும்
வேன் ஓட்டினேன், சம்பளமில்லாமல்,
மதியச் சாப்பாடும் மஞ்சள் பனியனும் கிடைக்கும் என்பதால்.
மராத்தானில் விழுந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருகிற வேன்.

பட்டியலில் ஐலி ராஜலா என்றிருந்தது.
ராஜலா! நம் பக்கத்துப் பெண் யாரோ என்று
காலையிலிருந்து கூட்டத்தில் கறுப்புத் தலை தேடினேன்.
வந்தவள் ஃபின்லாந்து வம்சம்,
இரும்புச் சுரங்க ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள்,
புருவம்கூட வெள்ளை.

அவள்தான் அன்றைக்கு முயல்.
அப்படித்தான் சொன்னார்கள், முகத்துக்கு நேரே.
மைலுக்கு ஐந்து நிமிடம் நாற்பது விநாடி.
ஏரிக்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும்;
பின்னால் வருகிறவள் காற்றில்லாத இடத்தில் வருவாள்.
பதினெட்டாம் மைலில், புகைபோட்ட மீன் விற்கும் கடைக்கு எதிரே
ஒதுங்கிவிட வேண்டும். முந்நூறு டாலர்.
பெண்களுக்குப் பெண்ணே முயலாக ஓடுவது
அந்தப் பந்தயத்தில் முதல் தடவை.
அதற்கு யாரும் கைதட்டியதாக நினைவில்லை.

நமக்குத் தெரிந்த முயல் மரத்தடியில் தூங்கிப்போனது.
இது தூங்கவில்லை.
நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது.

வேனில் ஏற்கெனவே நாலு ஆண்கள்,
அரை மணி முன்பே கிளம்பியவர்கள்.
ஒருவர் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.
"கெண்டைக்காலா, முட்டியா?" என்று
நகர்ந்து இடம் விட்டார் ஒரு பல்மருத்துவர்.
"ஒன்றுமில்லை. வேலை முடிந்தது."
ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள், தின்னவில்லை.
தொடை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது,
சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றுகிற விசிறி மாதிரி.

ரேடியோவில் சாதனை என்றார்கள்.
பின்னால் வந்தவளின் பெயரை மூன்று முறை சொன்னார்கள்.
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில், எறும்பு எழுத்தில்,
ராஜலா, ஐ. – முடிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் என் அறைக் கதவைத் தட்டினாள்.
"வேன் இருக்கிறதா?"
வேன் இல்லை. துருப்பிடித்த டாட்சன் இருந்தது,
ஒற்றை வைப்பருடன்.
"போதும். நாலரைக்கே இருட்டிவிடும், வெளிச்சம் காட்டு.
பின்னாலேயே வா. முன்னால் வராதே."

போகிற வழியில், எங்கள் பாஷையில்
முயல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று ஆரம்பித்தேன்.
ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருந்தாள்.
காதில் விழவில்லை.

மீன்கடை பூட்டியிருந்தது.
அதே கம்பத்தைத் தொட்டாள், கிளம்பினாள்.
மிச்சம் எட்டு மைலும் சொச்சமும்.
ஒரு பக்கம் ஏரி கறுப்பாக இரைந்தது.
என் கார் வெளிச்சத்தில் அவள் நிழல்
அவளுக்கு முப்பதடி முன்னால் ஓடியது,
வளைவுகளில் பைன் மரங்களுக்குள் புகுந்து
மறுபடி சாலைக்கு வந்தது.
காற்றை மட்டும் அது தடுக்கவில்லை.

பனி தள்ளும் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
திட்டினாரா, வாழ்த்தினாரா தெரியாது.
அந்த எட்டு மைலுக்கும் கூட்டம் அவர் ஒருவர்தான்.

என் கைக்கடிகாரக் கணக்கில், ஜூனிலிருந்து எண்ணினால்,
அவள் மராத்தானுக்கு ஆன நேரம்
நூற்றைம்பத்தெட்டு நாள், ஒன்பது மணி, சில நிமிடங்கள்.
ஓடாத நேரத்தைக் கழித்தால் வேறொரு எண் வருகிறது.
அவள் கேட்கவில்லை.
நான் யாருக்கும் சொன்னதில்லை.

தூக்குப் பாலத்துக்குப் பக்கத்தில்
முடிவுக்கோடு வெள்ளைப் பெயின்ட்டில் போட்டது.
இப்போது எல்லாமே வெள்ளை.
"இங்கேதானே?" என்றாள், ஓடிக்கொண்டே.
இறங்கிக் காலால் பனியை விலக்கிப் பார்த்தேன்,
அகப்படவில்லை.
அவள் நிற்கவில்லை. கால்வாய்ச் சுவர் வரை,
அதையும் தாண்டிக் கலங்கரை விளக்கு வரை,
எதற்கும் இருக்கட்டும் என்று
இன்னும் கொஞ்சம் ஓடினாள்.