கல்மண்டபத்திலிருந்து வீடு வரை

ஸ்டான்லியில் அந்த டாக்டர் பொண்ணு சொன்னது:
"தெரிஞ்ச தெருவுல, மனசுக்குள்ள,
ஒவ்வொரு சாமானா வச்சுட்டு வாங்க.
கடைக்குப் போனா நடந்து எடுத்துக்கலாம்."
இடது கையால் பல் துலக்கவும் சொன்னது.
சட்டையெல்லாம் பேஸ்ட்டு. விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த தெரு ஒன்றுதான்.
கல்மண்டபம் சிக்னலில்
போலீஸ்காரர் தொப்பிக்குள் அரைக் கிலோ ரவை.
மாதா கோயில் வளைவில்
சுகர் மாத்திரை அட்டைத் தோரணம்.
ஐஸ் கம்பெனி வாசலில்
விறைத்து நிற்கிறது கேஸ் சிலிண்டர்,
புக் பண்ணச் சொல்லி.
கேரம் கிளப் பலகை நடுவில்
சிவப்புக் காய் இருக்கவேண்டிய இடத்தில்
மருமகள் பெர்னதெத்தின் பிறந்தநாள்.
எவ்வளவு கிறுக்காக வைக்கிறோமோ
அவ்வளவு நிற்குமாம்.
நின்றது.

ஒன்று மட்டும் தவறிக்கொண்டே இருந்தது:
சினிமாக் கொட்டகை கவுண்டரில் வைத்த தீப்பெட்டி.
நான்கு நாள் வெறுங்கையோடு திரும்பி
ஐந்தாம் நாள்
காலால் நடந்தே போய்ப் பார்த்தேன்.
நீலத் தகர அடைப்பு.
உள்ளே அடுக்குமாடிக்குப் பள்ளம்.
இடித்து ஆறு வருஷம் என்றார் சுண்டல்காரர்,
என்னை ஒரு மாதிரி பார்த்து.

இப்போது தீப்பெட்டியை
அந்தத் தகரத்தின் மேல் வைக்கிறேன்.
வந்துவிடுகிறது,
பள்ளத்துத் தண்ணீரில்
கொஞ்சம் நமுத்துப்போய்.