வலப்பக்கப் பத்தி

மாநில அரசு அனுப்பிய புத்தகம்
செப்டம்பரில் வந்தது, சுருள்கம்பி போட்டது.
பிறந்த நாள் முதல் மழலையர் பள்ளி வாசல் வரை
பிள்ளை எதை எப்போது அறியும் என்று
இருநூற்றுச் சொச்சம் பக்கம்.
என் கராஜின் வடக்கு ஜன்னல்
திறந்தால் நிற்காது. அதற்கு முட்டுக் கொடுத்தேன்.
பதினெட்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்
ஓடில் சீருக்கா பாடம்?

மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனி இது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
உருளைக்கிழங்கு தோண்டும் வாரங்களில்
விடியும் முன்பே வண்டிகள் வரும்.
உறக்கம் கலையாத ஐந்து பேரை
மூட்டை இறக்குவதுபோல் இறக்கிவிட்டு
வயலுக்குத் திரும்பும்.

ஐவரில் ஒருவன் ரெமி.
நாலு வயது, நாலு மாதம்.
தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைப் பார்ப்பான்,
பிடித்துக் கொடுப்பேன்.
பூட்ஸைப் பார்ப்பான், மாட்டிவிடுவேன்.
"உங்களிடம் மட்டும்தான் அடமே இல்லை"
என்பார் அவன் அப்பா மார்சியன்.
அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவாது.

டிசம்பரில் ஜன்னல் உறைந்து மூடிக்கொண்டது.
புத்தகத்துக்கு வேலை போயிற்று.
பிள்ளைகள் தூங்கிய ஒரு மதியம்
ஈரத்தில் உப்பிக் கிடந்ததைப் பிரித்தேன்.

இடப்பக்கப் பத்தியில் குழந்தை இருந்தது.
மூன்று நான்கு சொல் கோத்துத் தேவையைச் சொல்லும்.
கோட்டின் ஜிப்பைத் தானே போடப் பார்க்கும்.
தவறினால் மறுபடி முயலும்.
பென்சிலோடு இறங்கினேன்.
ரெமிக்கு நேரே
இல்லை.
இல்லை.
இல்லை.
வயிற்றில் ஏதோ புரண்டது.
அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்ல,
எந்த டாக்டர், எத்தனை மைல்,
இந்தப் பனியில்?

அப்புறம்தான் கண்ணில் பட்டது
வலப்பக்கத்தில் இன்னொரு பத்தி.
தலைப்பு: பெரியவர்கள் செய்யக்கூடியது.
அவன் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.
அவன் முயலும்போது
உங்கள் கைகள் உங்கள் மடியில் இருக்கட்டும்.
இது பரீட்சை அல்ல.
பென்சில் அங்கே நின்றுவிட்டது.
இல்லை, இல்லை என்று மறுபடி எழுதினேன்,
இம்முறை என் பெயருக்கு நேரே.

மறுநாள் ரெமி குழாயைப் பார்த்தான்.
நானும் குழாயைப் பார்த்தேன்.
இருவரும் வெகுநேரம்
ஏதோ புதுசாக வந்த பிராணியைப் பார்ப்பதுபோல்
குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசியில் என் பக்கம் திரும்பி
"ஓ" என்றான்.
அவன் வீட்டுப் பிரெஞ்சில் தண்ணீர்.
புத்தகம் கேட்டது மூன்று நான்கு சொல்,
இவன் தந்தது ஓரெழுத்து.
ஆனாலும் அது ஒரு மொழி.
மதகுப் பலகையை யாரோ
ஒரு விரல் அளவு தூக்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை.
வெளியே மார்சியனின் வண்டி
பனியில் உறுமிக்கொண்டு நின்றது.
ரெமி தரையில் உட்கார்ந்து
ஜிப்பின் ஒரு முனையை மறுமுனையில்
நுழைத்தான். நழுவியது. நுழைத்தான்.
நாக்கு கடைவாயில் எட்டிப் பார்த்தது.
என் கைகள் என் மடியில்தான் இருந்தன,
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு.
ஹார்ன் ஒருமுறை.
நழுவியது. என் முழங்கால் தானாக எழப் பார்த்தது.
ஹார்ன் இன்னொரு முறை, நீளமாக.

கவ்வியது.
தொண்டை வரை ஏறியது, அந்தச் சின்னச் சத்தத்தோடு.
சரி கிளம்புவோம் என்று நான் எழுந்தேன்.
ரெமி எழவில்லை.
ஜிப்பைக் கடைசிவரை இறக்கி, இரு முனையையும் பிரித்து
முதலிலிருந்து தொடங்கினான்.

ஜன்னலுக்கு அப்பால்
மார்சியன் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி இருந்தார்.
பிறகு எஞ்சினை அணைத்தார்.